பத்திரமும் விதையும்: கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் மூன்று நாவல்களில் நிலம், ஆன்மிகம், சூழலியல் நீதி

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் எழுத்தாளர்களின் புனைவுகளில் நிலமும் மரமும் நீரும் தெய்விகம் பொருந்தியவையாக இடம்பெறுகின்றன. இதனை இயற்கைக்குத் திரும்பும் விழைவாகவோ, பெண்ணையும் இயற்கையையும் ஒன்றாகக் காணும் நோக்காகவோ விளக்குவது எளிது. அவ்விளக்கம் நில உரிமை என்னும் வரலாற்றுக் கேள்வியை மறைத்துவிடுகிறது. ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982), குளோரியா நெய்லரின் 'மாமா டே' (1988), ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் தி சோவர்' (1993) ஆகிய மூன்று நாவல்களிலும் நிலத்தின் புனிதம், அந்நிலம் யாருக்கு உரியது, யாரிடமிருந்து பறிக்கப்பட்டது, யாருக்காகக் காக்கப்படுகிறது என்னும் கேள்விகளோடு பிணைந்தே வெளிப்படுகிறது. அக்கேள்விகளுக்கு ஒவ்வொரு நாவலும் தரும் விடையையும் அவ்விடையின் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கறுப்பினப் பெண்ணியம், வுமனிசம், சூழலியல் நீதி, நில உரிமை, ஆன்மிகம், ஆப்பிரிக்க அமெரிக்க நாவல்.

முன்னுரை

ஆலிஸ் வாக்கர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன் சர்ச் ஆஃப் அவர் மதர்ஸ் கார்டன்ஸ்' என்னும் கட்டுரையில் தம் தாயின் பூந்தோட்டத்தைப் பற்றி எழுதுகிறார். ஜார்ஜியா மாநிலத்தில் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் அது. பகல் முழுவதும் வயலில் உழைத்த தாய், குடியேறிய ஒவ்வொரு வீட்டின் முன்பும் பூச்செடிகளை நட்டு வளர்த்தார். அத்தோட்டமே அவருடைய கலை என்றும் ஆன்மிகச் செயல் என்றும் வாக்கர் கண்டுகொள்கிறார். கறுப்பினப் பெண்களின் படைப்பாற்றலைப் பேசும் எவரும் இக்கட்டுரையைக் கடந்து செல்வதில்லை.

ஆயினும் அத்தோட்டம் இருந்த மண் அத்தாய்க்குச் சொந்தமில்லை. விளைச்சல் கணக்கு முடிந்து நிலக்கிழார் வெளியேறச் சொன்னால், வேரூன்றிய செடிகளை விட்டுவிட்டுக் குடும்பம் வேறிடம் பெயர வேண்டும். தோட்டத்தின் அழகை மட்டும் பேசும் வாசிப்பு, அதைக் கைவிட்டுச் செல்ல நேர்ந்த நிலையைப் பேசாமல் விடுகிறது. நிலத்தின்மீதான பற்று ஆழமாகவும், நிலத்தின்மீதான உரிமை இல்லாமலும் இருந்த இந்த முரணிலிருந்தே கறுப்பினப் பெண்களின் நிலம் சார்ந்த ஆன்மிகத்தை அணுக வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நிலம் தரப்பட்டதும் பறிக்கப்பட்டதும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஜனவரி 16 அன்று, படைத்தலைவர் வில்லியம் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கரையோர நிலங்களையும் தீவுகளையும் விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரையிலான துண்டுகளாகப் பிரித்தளிக்க அது வகை செய்தது. லிங்கன் கொலையுண்டபின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டிலேயே அந்நிலங்களில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களிடம் திருப்பித் தந்தார். விடுதலை பெற்றோரில் மிகப் பலர் முன்பு அடிமைகளாக உழைத்த மண்ணிலேயே வாரக்குடிகளாயினர்.

இத்தடைகளுக்கிடையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கியோர் உண்டு. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் பதிவாகியுள்ளனர். நாட்டின் உழவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் அவர்கள். 2017ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் இப்பங்கு 1.4 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. வன்முறை, கடன் மறுப்பு, நகரங்களை நோக்கிய இடப்பெயர்வு ஆகியவற்றோடு சட்டமும் இதற்குக் காரணமாயிற்று. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிபடாத பொதுச் சொத்தாக நின்றது. அவர்களுள் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், வாங்கியவர் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து நிலம் முழுவதையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. கல்லா–கீச்சி எனப்படும் கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கடல் தீவுகளில் நில இழப்பு இவ்வழியில் மிகுதியாக நிகழ்ந்தது. ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் கட்டப்பட்டது. அதன்பின் சொகுசு விடுதிகளும் கோல்ஃப் திடல்களும் அத்தீவை நிறைத்தன.

எஞ்சிய கறுப்பினச் சிற்றூர்கள் மற்றொரு கேட்டையும் எதிர்கொண்டன. வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க அரசு முடிவு செய்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். 1982இல் அவர்கள் சரக்குந்துகளின் முன் படுத்து மறித்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். சூழலியல் நீதி என்னும் இயக்கத்தின் தொடக்கப் புள்ளியாக இப்போராட்டம் கருதப்படுகிறது. 'தி கலர் பர்ப்பிள்' வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ஒரு கறுப்பினப் பெண் வயலின் ஊதா நிறத்தில் இறைமையைக் காணும் நாவலும், மண்ணில் நஞ்சு புதைக்கப்படுவதைத் தடுக்கப் படுத்து மறித்த மக்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வுக்குரிய பின்னணியாகும்.

கோட்பாட்டுப் பின்புலம்

வாக்கர் 1983இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் 'வுமனிஸ்ட்' என்னும் சொல்லுக்கு வரையறை தந்தார். வெள்ளையினப் பெண்ணியம் காணத் தவறிய இன, வர்க்க ஒடுக்குமுறைகளை இச்சொல் உள்ளடக்கியது. இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய கட்டுரையொன்றில், அடிமைப் பெண்களின் உடல் பிள்ளைப் பேற்றுக்கும் உழைப்புக்குமாகச் சுரண்டப்பட்டதையும், மலையின் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் சுரங்கத் தொழிலையும் ஒப்பிட்டார். இரண்டிலும் மீண்டும் நிரம்புவதற்குரிய கால அவகாசம் மறுக்கப்படுகிறது என்பது அவர் வாதம். மெலனி ஹாரிஸ் 2017இல் வெளியிட்ட 'எகோவுமனிசம்' என்னும் நூல் இப்போக்கை ஒரு துறையாகத் தொகுத்தது.

பெண்ணும் இயற்கையும் ஒன்று என்று கூறும் சூழலியல் பெண்ணியத்திலிருந்து வில்லியம்ஸின் ஒப்பீடு வேறுபடுகிறது. முன்னையது பெண்ணுடலின் இயல்பிலிருந்து தொடங்குகிறது. பின்னையது இரண்டையும் ஒரே வகையில் பயன்படுத்திய பொருளாதாரத்திலிருந்து தொடங்குகிறது. கறுப்பினப் பெண்ணை இயற்கையோடு ஒன்றாக்கியவர்கள் முதலில் அடிமை வணிகர்களே. ஆகவே அவ்வொற்றுமையைக் கேள்வியின்றிப் போற்றுவது அவ்வணிகரின் மொழியை வேறு தொனியில் பேசுவதாகிவிடும்.

இவ்விடத்தில் தமிழ் ஆய்வாளருக்குத் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருவது இயல்பு. தெய்வத்தைக் கருப்பொருள்களின் முதலில் வைத்து, நிலத்தோடும் உணவோடும் தொழிலோடும் இணைத்துக் காண்பது தொல்காப்பிய மரபு. ஆனால் திணை என்பது மக்கள் அந்நிலத்துக்கு உரியோர் என்பதை முற்கோளாகக் கொண்டது. ஆப்பிரிக்க அமெரிக்கரோ வேறு நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். அவர்களின் எழுத்தில் முதற்பொருளாகிய நிலமே வழக்குக்குரியதாக நிற்பதால், திணையை அப்படியே பொருத்துவது பயன் தராது. உரிமை இல்லாத நிலத்தில் தெய்வம் எவ்வாறு தங்குகிறது என்பதே இங்குக் கேள்வி.

'தி கலர் பர்ப்பிள்': மரமும் கூரையிலையும்

சீலி தன் துயரங்களைக் கடவுளுக்குக் கடிதங்களாக எழுதுகிறாள். கணவன் அடிக்கும்போது தன்னை ஒரு மரமாக எண்ணிக்கொள்கிறாள். மரங்கள் மனிதரை அஞ்சுகின்றன என்பதை அவ்வழியே அறிகிறாள். மரத்தோடு அவளுக்குள்ள முதல் உறவு வலியால் அமைந்தது. பின்னர் பாடகி ஷக், வெண்தாடி முதியவராகிய கடவுளை மனத்திலிருந்து நீக்கி, மரத்திலும் காற்றிலும் பறவையிலும் இறைமையைக் காணக் கற்பிக்கிறாள். நாவலின் இறுதிக் கடிதம் கடவுளோடு விண்மீன்களையும் மரங்களையும் வானத்தையும் எல்லா மக்களையும் விளித்துத் தொடங்குகிறது. அடிபட்ட மரம் போற்றப்படும் மரமாக மாறுவதே சீலியின் ஆன்மிகப் பயணம்.

இதே நாவலில் தங்கை நெட்டியின் கடிதங்கள் ஆப்பிரிக்காவின் ஒலிங்கா மக்களைப் பற்றிக் கூறுகின்றன. அவர்கள் கூரை வேயும் இலையைத் தெய்வமாக வழிபடுகின்றனர். முன்னொரு காலத்தில் பேராசை கொண்ட தலைவன் வணிகப் பயிர்களுக்காக அவ்விலை வளர்ந்த நிலத்தை எடுத்துக்கொண்டான். பெருமழையில் கூரை இழந்து மக்கள் மாண்டனர். எஞ்சியோர் அவ்விலையைத் தெய்வமாக்கினர். சூழல் அழிவிலிருந்து பிறந்த வழிபாடு இது. அதன்பின் ஊரின் நடுவே சாலை வருகிறது, ரப்பர்த் தோட்டம் வருகிறது, கூரையிலை அழிகிறது. தங்கள் நிலம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம் என்று அறியும் மக்கள் குடியிருப்புக்கு வாடகையும் நீருக்கு வரியும் தர நேர்கிறது. தெய்வம் இருந்தது; பத்திரம் வேறொருவர் கையில் இருந்தது.

சீலி தன் தந்தையின் வீட்டையும் கடையையும் மரபுரிமையாகப் பெறுவது தேவதைக் கதையின் முடிவு போன்றது என்று குறை கூறலாம். ஆனால் அத்தந்தை கொல்லப்பட்ட காரணத்தை அக்குறை கணக்கில் கொள்வதில்லை. அவரது கடை செழித்ததைப் பொறுக்காத வெள்ளை வணிகர்கள் அவரைத் தூக்கிலிட்டுக் கொன்றனர். சீலி பெறுவது திடீர்ச் செல்வம் அன்று. கொலையால் சிதைந்த உடைமையின் மீட்பு. அவளுடைய தையல் தொழிலும் மன அமைதியும் அந்த மீட்பின்மீது நிற்கின்றன. எனினும், மாற்றாந்தந்தை வெள்ளையருக்குப் பணம் கொடுத்தே அச்சொத்தைக் காத்துவந்தான் என்பதையும் நாவல் பதிவு செய்கிறது. அந்நிபந்தனை சீலியின் காலத்தில் என்னவாயிற்று என்பது பேசப்படவில்லை. ஒலிங்காவின் கூரையிலையும் மீளவில்லை. சீலியின் மரம் புனிதமானதும் ஒலிங்காவின் இலை அழிந்ததும் ஒரே நாவலில் அருகருகே இருந்தும், ஒன்று மற்றொன்றைக் கேள்வி கேட்கவில்லை. நாவலின் குறை இவ்விடத்தில்தான் உள்ளது.

'மாமா டே': இரு பத்திரங்களின் தீவு

நெய்லரின் நாவல் அக்குறையிலிருந்தே தொடங்குவது போல் அமைந்துள்ளது. தலைப்பிலுள்ள 'மாமா' என்னும் சொல் தாயைக் குறிப்பது. ஊர்த் தாயாக மதிக்கப்படும் மிராண்டாவின் பட்டப்பெயர் அது. கதை நிகழும் வில்லோ ஸ்பிரிங்ஸ் தீவு தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அருகில் இருந்தும் எந்த மாநிலத்துக்கும் உரியதன்று. நாவலின் முகப்பில் 1819ஆம் ஆண்டு விற்பனைச் சீட்டு ஒன்று உள்ளது: சஃபைரா என்னும் அடிமைப் பெண்ணை பாஸ்கம் வேட் வாங்கியதற்கான சான்று. 1823இல் அதே சஃபைரா, அவனிடமிருந்து தீவு முழுவதையும் அடிமைகளின் பெயருக்கு எழுதி வாங்கினாள் என்பது ஊர் வழக்கு. பெண்ணை விற்ற பத்திரமும் நிலத்தை மீட்ட பத்திரமும் ஒரே கதையின் இரு முனைகளாகின்றன.

அந்நில உரிமையின் தன்மை கூர்ந்து நோக்கத்தக்கது. நிலம் இப்போது வாழ்வோருக்கு உரியதாக எழுதப்படவில்லை; இரண்டு தலைமுறைக்குப் பின் வருவோருக்கு உரியது. ஆகவே விடுதி கட்ட வரும் நில வணிகர்களுக்கு அதை விற்கும் தகுதி அங்கு எவருக்கும் இல்லை. ஹில்டன் ஹெட் முதலிய உண்மைத் தீவுகளுக்கு நேர்ந்ததைத் தீவு மக்கள் அறிந்துள்ளனர். உண்மை உலகில் பிரிபடாத வாரிசுச் சொத்து எந்த வழியே பறிபோயிற்றோ, அவ்வழியை நெய்லர் புனைவில் அடைக்கிறார். எதிர்காலத்துக்கு உரிய நிலத்தை நிகழ்காலம் காவல் காக்கிறது. ஆன்மிகத்தையும் சட்டத்தையும் ஒன்றாக இணைக்கும் இக்கற்பனை, மூன்று நாவல்களிலும் மிகக் கூர்மையானது.

மிராண்டாவின் மருத்துவமும் இக்காவலின் பகுதியே. எந்த வேர் எந்தக் காட்டில் எப்போது கிடைக்கும் என்பதை அவள் அறிவாள். பெருநிலத்து மருத்துவரும் அவளை மதிக்கிறார். அவ்வறிவு, தலைமுறைகளாக அதே காட்டில் நடந்தவர்களுக்கே வாய்க்கும். நிலம் கைமாறினால் மருத்துவமும் அழியும். டிசம்பர் 22 இரவில் தீவு மக்கள் விளக்கேந்தி நடக்கும் விழாவும் அத்தகையது. இளையோர் சிலர் மகிழுந்து விளக்குகளோடு வருவதைப் பிறர் குறை கூறினாலும் மிராண்டா கலங்குவதில்லை. தன் முன்னோர் காலத்திலும் அவ்விழா மாறியே வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். மாறாத சடங்கைக் காட்டிலும் நிலைத்த நிலமே மரபைக் காக்கிறது.

ஆய்வாளர் தம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் நாவலின் தொடக்கத்தில் உள்ளது. தீவில் பிறந்து கல்லூரியில் பயின்ற இளைஞன் ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியோடு திரும்பி வருகிறான். ஊரார் வழக்கிலுள்ள '18, 23' என்னும் தொடரின் பொருளைத் தேடுகிறான். தீவின் புவியியல் ஆயங்களாகிய 81, 32 என்னும் எண்களை மக்கள் தலைகீழாக்கிச் சொல்கின்றனர் என்று முடிவு கட்டுகிறான். நிலம் விடுதலையான ஆண்டு அது என்பதைக் கேட்டறியும் பொறுமை அவனுக்கு இல்லை. நில உரிமையின் நினைவு ஆய்வாளனின் கையில் வெறும் இடக்குறியீடாகிவிடுகிறது. நில உரிமையை விலக்கி, நில ஆன்மிகத்தை மட்டும் எடுத்துப் பேசும் திறனாய்வுக்கும் இப்பகடி பொருந்தும்.

நாவலின் எல்லையும் இதனோடு தொடர்புடையது. வில்லோ ஸ்பிரிங்ஸ் எந்த அரசின் சட்டத்துக்கும் உட்படாதது என்பதாலேயே அதன் பத்திரம் செல்லுபடியாகிறது. அத்தகைய தீவு எங்கும் இல்லை. மேலும், நிலத்தின் வழித்தோன்றலாகிய கோகோ இறுதியில் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்கிறாள். உரிமை எதிர்காலத்துக்கு எழுதப்பட்டிருந்தாலும், அவ்வெதிர்காலம் அங்கு வந்து வாழுமா என்பது திறந்த கேள்வியாகவே விடப்படுகிறது. சஃபைராவின் பெயரைக்கூட மிராண்டாவால் முழுமையாக அறிய முடியவில்லை. சிதைந்த ஏட்டில் முதல் எழுத்துகள் மட்டுமே எஞ்சியுள்ளன. நிலத்தைத் தந்தவளின் பெயர் அந்நிலத்திலேயே அழிந்துபோயிற்று.

'பாரபிள் ஆஃப் தி சோவர்': எரிந்த நிலத்தில் கருவாலி

பட்லரின் நாவல் விவிலியத்தில் வரும் விதைக்கிறவனின் உவமையிலிருந்து தலைப்பைப் பெற்றது. 2024இல் தொடங்கும் கதையில் கலிஃபோர்னியா வறண்டு கிடக்கிறது. எரிபொருளைவிட நீர் விலை மிகுந்தது. கறுப்பினப் போதகரின் மகளாகிய லாரன் ஒலமினா மதில் சூழ்ந்த குடியிருப்பில் வளர்கிறாள். பிறர் வலியைத் தன் உடலில் உணரும் குறைபாடு அவளுக்கு உண்டு. அருகிலுள்ள கடற்கரை ஊரொன்றை நிறுவனம் ஒன்று வாங்கிவிடுகிறது. அங்குப் பாதுகாப்பைத் தேடிச் செல்வோர் கடனடிமைகளாவர் என்பதை லாரன் முன்னுணர்கிறாள். அடிமைமுறை கடந்தகாலத்தோடு முடிந்துவிடவில்லை. சூழல் சீர்குலையும்போது அது திரும்பி வரும் என்பதை நாவல் காட்டுகிறது.

லாரன் உருவாக்கும் 'எர்த்சீட்' என்னும் சமயம் மாற்றத்தையே இறைமையாகக் கொள்கிறது. அது காக்கும் கடவுளை வாக்களிப்பதில்லை. மண்ணைக் கற்கவும் விதைகளைச் சேர்க்கவும் உடனிருப்போரைப் பேணவும் சொல்கிறது. குடியிருப்பு எரிந்தபின் அவள் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழித்துணையாகும் முதிய மருத்துவர் பாங்கோலுக்கு அங்கு 300 ஏக்கர் நிலம் உண்டு. சென்றடையும்போது வீடு எரிந்து, அவர் தங்கையின் குடும்பம் எலும்புகளாகக் கிடக்கிறது. அவ்வெலும்புகளைப் புதைத்து, ஒவ்வொருவரும் தத்தம் இறந்தோருக்காகக் கருவாலி விதைகளை நடுகின்றனர். அவ்வூருக்கு 'ஏகார்ன்', அதாவது கருவாலி வித்து, என்றே பெயரிடுகின்றனர். வாக்கரின் தாய் பிறர் நிலத்தில் நட்ட பூச்செடிக்கும் இவ்விதைக்கும் இடையே ஒரு நூற்றாண்டின் இழப்பு உள்ளது. பூச்செடி அந்தப் பருவத்துக்கானது. கருவாலி நட்டவர் காணாத தலைமுறைக்கானது.

இங்கும் பத்திரம் உண்டு. ஆனால் அது காக்கவில்லை. தொடர் நாவலாகிய 'பாரபிள் ஆஃப் தி டேலண்ட்ஸ்' (1998) காட்டுவதுபோல், சமயவெறி கொண்ட ஆயுதக் குழுவினர் ஏகார்னைக் கைப்பற்றிச் சிறைக்கூடமாக்குகின்றனர். மற்றொரு முரணும் உண்டு. மண்ணைப் பேணக் கற்பிக்கும் எர்த்சீட்டின் இறுதி இலக்கு விண்மீன்களுக்கிடையே குடியேறுவது. பட்டறிவு மிக்க அகதிகளின் கனவு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எந்த மண்ணும் கைவிடும் என்று கற்றவர்கள் இன்னொரு மண்ணைக் கனவு காண்பர். எனினும் சூழலியல் நீதி வேண்டுவது இந்த மண்ணிலேயே நிற்கும் உறுதியை. கருவாலி வித்தை உணவாக்கும் முறையைக் கலிஃபோர்னியாவின் முதற்குடிகளைப் பற்றிய நூலிலிருந்து லாரன் கற்கிறாள். அம்முதற்குடிகளின் நில உரிமையோ நாவலின் மையக் கேள்வியாக எழவில்லை. பறிகொடுத்தவரின் நீதி இன்னொருவர் பறிகொடுத்த நிலத்தில் நிற்கும்போது எழும் சிக்கல் தீர்க்கப்படாமல் எஞ்சுகிறது.

புனைவும் நடைமுறையும்

மூன்று நாவல்களும் எழுப்பும் கேள்வி புனைவுக்கு வெளியிலும் விடை தேடப்பட்டது. மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் 1962இல் வாக்காளராகப் பதிய முயன்றதற்காகப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பக்திப் பாடல்களைப் போராட்டக் களத்தில் பாடியவர் அவர். வாக்குரிமை கிடைத்தபின்னும் நிலமில்லாதோரைப் பசியால் பணியவைக்க முடியும் என்பதை உணர்ந்து, 1969இல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் 40 ஏக்கரில் 'ஃபிரீடம் ஃபார்ம்' கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். பன்றிகளை இரவலாகத் தந்து, ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்று மற்றக் குடும்பங்களுக்கு வழங்கும் திட்டமும் அதில் இருந்தது. நிதி நெருக்கடியால் 1970களின் நடுவில் பண்ணை முடிவுக்கு வந்தது. ஆயினும் இறைநம்பிக்கை, உணவு, நிலம் ஆகிய மூன்றையும் ஹேமர் பிரித்துக் காணவில்லை. நெய்லர் புனைந்த கூட்டுக் காவல் அரசின் சட்டத்துக்கு உட்பட்ட நிலத்தில் எத்தகைய இடர்களைச் சந்திக்கும் என்பதற்கு அப்பண்ணை சான்றாகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் நில ஆன்மிகம் இழந்த பொற்காலத்தை நோக்கிய ஏக்கமாக அமையவில்லை. வன்முறையின் நினைவும் புனிதத்தின் உணர்வும் ஒரே மண்ணில் கலந்துள்ளன.

2. வாக்கரிடம் புனிதம் தனிமனித விடுதலையாகிறது. நில உரிமை மரபுரிமையாக மீள்கிறது. ஆனால் ஒலிங்கா மக்களின் இழப்பு ஈடுசெய்யப்படாமல் நிற்கிறது.

3. நெய்லரிடம் உரிமையும் புனிதமும் ஒன்றாகின்றன. அதற்கு அவர் தந்த விலை, எந்தச் சட்டமும் எட்டாத கற்பனைத் தீவு.

4. பட்லரிடம் பத்திரம் காக்கத் தவறும்போதும் விதை எஞ்சுகிறது. எனினும் விண்வெளிக் கனவும் முதற்குடிகளின் உரிமை பற்றிய மௌனமும் அவ்வாற்றலைக் குறைக்கின்றன.

நில உரிமை இல்லாத ஆன்மிகம், கைவிட்டுச் செல்ல வேண்டிய பூந்தோட்டமாகிறது. ஆன்மிகம் இல்லாத நில உரிமை, பங்கு வாரியாக விற்பனைக்கு வருகிறது. மூன்று நாவல்களையும் ஒருங்கே வாசிக்கும்போது பத்திரமும் விதையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பது புலனாகிறது. கறுப்பினப் பெண் எழுத்தைச் சூழலியல் நோக்கில் ஆராய்வோர் மரத்தைப் போற்றும் பகுதிகளைத் தொகுப்பதோடு அமையாமல், அம்மரம் நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதையும் ஒவ்வொரு பிரதியிலும் தேட வேண்டும்.